ஆறுக்கு ஆறு நிலா

எங்கள் தெருமுனை டீக்கடையைப் பொறுத்தவரை மனிதன் இன்னும் நிலாவுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு டிராயிங் வாத்தியார் இதற்குத் தீர்ப்புச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது, அப்பீல் கிடையாது. முப்பது வருஷமாகப் பிள்ளைகள் வரைந்த வாழைப்பழத்தைப் பார்த்து "இதுக்கு நிழல் எங்கடா?" என்று கேட்டே ரிட்டயர் ஆனவர். நிலாப் படத்தையும் அதே கண்ணால் பார்த்தார்.

"வானத்துல ஒரு நட்சத்திரம்கூட இல்ல. காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படிப் பறக்குது? எல்லாம் ஸ்டுடியோவுல எடுத்தது சார். நம்ம ஊர்ல காதுகுத்துக்குப் பின்னால அருவி சீனரி வைக்கிறதில்லையா, அது மாதிரிதான்."

நான் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். தெரியாத விஷயத்தில் தைரியமாகப் பேசுவது ஓய்வுக்குப் பிறகு எனக்கு வந்த பழக்கம். அதற்கு முன்னால் ஆடிட்டர்கள் விடவில்லை. "ஆதாரம் காட்டுறேன்" என்று போனை எடுத்தேன். என்னிடம் இருந்த ஒரே நிலாப் படம் சம்பந்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியது. விண்வெளி உடையில் ஒருவர் நிற்பார். அவர் காலடியில் 'இனிய காலை வணக்கம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ.

வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இந்த ரோஜாவும் நிலாவுலதான் பூத்துச்சா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் உட்பட கடையே சிரித்தது. அந்த அவமானத்தில்தான் அறிவித்தேன்: ஆறடிக்கு ஆறடி, தெளிவான அசல் படம், உங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, எங்கள் மாடிச் சுவரில். தோற்றவர் ஒரு வாரம் டீயும் வடையும் வாங்கித் தரவேண்டும்.

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் பிளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன் யாரோ ஒரு தாய்மாமனின் மீசையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான்.

"ஆறுக்கு ஆறு வேணும் தம்பி."

"சதுரமாவா? சதுரத்துல யாரும் அடிக்கிறதில்லையே சார். பத்துக்கு எட்டு போட்டுக்கங்க, கீழ சொந்தக்காரங்க போட்டோ வைக்க இடம் கிடைக்கும்." போனை வாங்கிப் பார்த்தான். "இதா? எத்தனை எம்பி?" அவனே அழுத்திப் பார்த்துவிட்டு, கடன்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். "முப்பத்தெட்டு கேபி சார். ஆறடிக்கு இழுத்தா உடைஞ்சிரும்."

"எது உடையும்?"

"பிக்சல்."

இழுத்தும் காட்டினான். நிலாவில் நின்றவர் கண்ணெதிரே கட்டம் போட்ட லுங்கியாக மாறினார். ரோஜாப்பூ மட்டும் கடைசிவரை ரோஜாப்பூவாகவே இருந்தது.

"யாரு சார் இவரு? கண்ணீர் அஞ்சலின்னா பார்டர் ரெடியா இருக்கு."

"இவர் இறந்தவர் இல்ல தம்பி, இறங்கினவர்."

"அப்ப வாழ்த்து டிசைன். சரி, ஒரிஜினல் கொண்டாங்க."

கொண்டாங்க என்று சுலபமாகச் சொல்லிவிட்டான். அசல் ஃபிலிம் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறது. ஜான்சன் விண்வெளி மையத்தில் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்ய எடுப்பதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் தணித்துத்தான் வெளியே கொண்டுவருவார்களாம். எங்கள் குடும்பப் படங்கள் இருக்கும் டிரங்குப் பெட்டி சமையலறைப் பரணில், தாளிப்புப் புகைக்கு நேர் மேலே இருக்கிறது என்பதை இங்கே சும்மா சொல்லி வைக்கிறேன். பெட்டிக் கதை பின்னால் வரும்.

மகன் காலேஜில் படித்தபோது வாங்கி, வேலை கிடைத்ததும் எங்களோடு சேர்த்து விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் உண்டு. அதில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். முதல் நாள் கிடைத்ததெல்லாம் போலி. 'ஹெச்டி' என்று எழுதியிருந்த படத்தில் நிலாவுக்குப் பக்கத்தில் ஓநாய் ஊளையிட்டது. இன்னொன்றைத் தொட்டதும் 'உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து' என்று சிவப்பாக மின்னியது. வயரைப் பிடுங்கிவிட்டு வெளியே வந்து நின்றேன். ஆபத்து எவ்வளவு தூரம் வரும் என்று தெரியாதே.

இரண்டாம் நாள் புதையல் கிடைத்தது. கிப் டீக் என்று ஒரு அமெரிக்கர். அப்போலோப் பயணங்கள் மேல் இருந்த ஆசையில் 1999இலேயே ஓர் இணையக் காப்பகம் தொடங்கியவர். ஜான்சன் மையம் ஸ்கேன் செய்து கொடுத்த படங்களை 2015 அக்டோபரில் ஃப்ளிக்கரில் மொத்தமாக ஏற்றினார். 8,400க்கு மேல். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, நல்ல படங்களை மட்டும் பொறுக்கி வைக்காமல் ரோலோடு வைத்திருப்பதுதான். கை ஆடியது, வெயில் அடித்து வெளுத்தது, வெறும் தரை, மறுபடி வெறும் தரை, யாருடைய முழங்கை என்றே தெரியாத முழங்கை. கழுவி வரும் 36 படத்தில் 11 தேறினால் அன்றைக்கு வீட்டில் பாயசம் என்றிருந்த எனக்கு, ஒரே மூச்சில் அத்தனை விண்வெளி வீரர்களும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் கையில் இருந்தது ஸ்வீடன் நாட்டு ஹாசல்பிளாட். 70 மில்லிமீட்டர் ஃபிலிம். படம் சதுரமாக விழும், பழைய ஸ்டுடியோக்காரர்கள் 'ஆறுக்கு ஆறு' என்பார்களே, அந்தச் சைஸ். நிலாத் தரையில் அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டை அதில் கிடையாது. உடம்பைத் திருப்பி, உத்தேசமாகக் குறிபார்த்து, அமுக்கவேண்டியதுதான். வேலை முடிந்ததும் ஃபிலிம் இருந்த டப்பாவை மட்டும் கழற்றிக்கொண்டு, எடையைக் குறைப்பதற்காகக் கேமராவை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். அப்படிப் பன்னிரண்டு கேமரா நிலாவில் கிடக்கிறது. சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பில் இருக்குமா?"

அவள் அடிக்கடி வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். "என்னங்க, படத்துக்குப் படம் கூட்டல் போட்டு வச்சிருக்காங்க? இதுவும் உங்க லெட்ஜரா?"

லெட்ஜர்தான், ஒரு கணக்கில். கேமராவுக்குள் ஃபிலிமுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு. அதில் பத்து மில்லிமீட்டருக்கு ஒன்றாக, வரிசைக்கு ஐந்து, மொத்தம் 25 கூட்டல் குறி. படம் எடுக்கும்போதே அவையும் பதிந்துவிடும். கழுவும்போது ஃபிலிம் சுருங்கினாலும் நெளிந்தாலும் குறிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும், தூரத்தையும் அளக்கலாம். இதை நான் கால் மணி நேரம் விளக்கினேன். அவள் மூன்றாவது நிமிஷமே குக்கரை இறக்கப் போய்விட்டாளாம். தெரியாமல் மீதிப் பன்னிரண்டு நிமிஷம் ஃபேனுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் உட்கார்ந்து கேட்டாள். முதல் முதலில் நிலாவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங்குக்கு அங்கே உருப்படியாக ஒரு போட்டோ இல்லை. கேமரா பெரும்பாலும் அவர் கையில் இருந்ததால் படத்தில் எல்லாம் கூட இறங்கிய ஆல்ட்ரின்தான். ஆம்ஸ்ட்ராங்கைத் தேடினால் அவர்கள் இறங்கிய ஓடத்தின் ஓரமாக, நிழலில், முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரி ஒன்று அகப்படும். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பிரசித்தமான படத்தில்கூட அவர் இருப்பது ஆல்ட்ரின் முகக்கண்ணாடியில், எறும்பளவுப் பிம்பமாக.

"பாவம்" என்றாள். அவள் கருணை எனக்கும் கொஞ்சம் சிந்தும் என்று எதிர்பார்த்து, "நம்ம வீட்டுப் படத்துலயும் நான் இல்லையே, ஏன்? நான்தானே எடுத்தேன்" என்றேன்.

"அவரு எடுத்த படத்துல கூட வந்தவரு முழுசா இருக்காரு. கொடைக்கானல்ல நீங்க எடுத்ததுல நான் இருக்கேனா? கழுத்து வரைக்கும்தான் இருக்கேன். சேலையை வச்சுத்தான் நான்னே தெரியும்."

சம்பவம் உண்மை. கோக்கர்ஸ் வாக், கல்யாணமான வருஷம். பனியை எடுக்கும் ஆசையில் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டேன். 35 வருஷமாக இந்த வழக்கில் எனக்குச் சாட்சி இல்லாமல் இருந்தது. இப்போது கிடைத்தது. அந்தப் பிரசித்தமான படத்தின் அசல் ஸ்கேனை எடுத்துப் பாருங்கள்: ஆல்ட்ரின் தலைக்கு மேல் வானமே இல்லை. முதுகுப் பையின் மேலிருக்கும் ஆன்டெனா ஃபிலிம் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறது. பத்திரிகைக்குக் கொடுத்தபோதுதான் மேலே கறுப்பு வானத்தை ஒட்டுப்போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தாவிக் குதித்து அவளைக் கூப்பிட்டேன். "பாரு! ஆம்ஸ்ட்ராங்கே வெட்டியிருக்கார்!"

நிதானமாகப் பார்த்தாள். "அவரு வெட்டுனது ஏரியலை. நீங்க வெட்டுனது தலையை."

வழக்கு தள்ளுபடி.

இதற்குள் நான் ருசி கண்ட பூனை ஆகியிருந்தேன். ஃப்ளிக்கரில் இருப்பதைவிடப் பெரியது இருக்கிறது என்று தெரிந்துபோனது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் ஜான்சன் மையமும் சேர்ந்து அசல் ஃபிலிமை மறுபடி ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஃபிலிமில் உள்ள மணிமணியான புள்ளிகூடத் தெரியும். ஆனால் ஒரு படமே ஒரு ஜிபியைத் தாண்டும். எங்கள் வீட்டு ரீசார்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதிலேதான் மனைவியின் சீரியல், பேரனின் கார்ட்டூன், சம்பந்தியின் ரோஜாப்பூ எல்லாம். ஒரு நாள் மத்தியானம் ஒரே ஒரு படத்தை இறக்கினேன். அன்று ராத்திரி சீரியலில் மாமியாருக்கு உண்மை தெரியவேண்டிய கட்டத்தில் சக்கரம் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அன்று தோசைக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வரவில்லை.

அதன்பின் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து இறக்கினேன். நான் எழுந்து எழுந்து போவதைக் கவனித்து, சர்க்கரையாக இருக்குமோ என்று அவள் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். நிலாவைத் தேடுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரை இருந்தது. அது வேறு கதை.

இறங்கிய படத்தைத் திறப்பது தனித் தவம். கம்ப்யூட்டர் கிரைண்டர் மாதிரி சத்தம் போடும். மேலிருந்து கீழாக ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாகப் படம் வரும். வானம் வருவதற்குள் ஒரு காபி, ஓடம் வருவதற்குள் பேப்பர், தரை தட்டும்போது குளித்தே வந்துவிடலாம். கீழே ஆல்ட்ரின் பூட்ஸ் தடம் வந்தபோது மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மாவு சலித்த தாம்பாளத்தில் விரலை வைத்து எடுத்தாற்போல, ஓரம் கொஞ்சமும் சரியாமல் வரிவரியாக நின்றது அந்தத் தடம். 1969 ஜூலையில் வைத்த கால்.

பெட்டிக் கதைக்கு வருகிறேன்.

நாசாவிலும் நம்மைப்போல ஆட்கள் உண்டு. ஆம்ஸ்ட்ராங் இறங்கியதைப் பதிவு செய்த மூல டேப்புகளைப் பிற்காலத்தில் தேடினால் காணோம். 2009இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்: டேப் தட்டுப்பாடு வந்த காலத்தில் மற்றவற்றோடு அவற்றையும் அழித்து, வேறு வேலைக்கு மறுபடி உபயோகித்துவிட்டார்கள். டிவிக்காரர்களிடம் இருந்த பிரதிகளை வைத்துத்தான் இப்போது நாம் பார்க்கும் வீடியோவைச் செப்பனிட்டார்கள்.

இதைப் படித்தபோது என் நெற்றி வியர்த்தது. எங்கள் கல்யாணக் கேசட்டிலும் இதே நடந்திருக்கிறது. 1996 மார்ச் 9, சனிக்கிழமை. பெங்களூரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உலகக் கோப்பைக் காலிறுதி. எனக்கோ வருஷக் கணக்கு முடிக்கிற மாதம், ஆபீஸை விட்டு வர முடியாது. டெக் இருந்தது, காலி கேசட் இல்லை. வீட்டில் இருந்த ஏதோ ஒன்றைப் போட்டுப் பதிவு செய்யும்படி மச்சானிடம் சொல்லிவிட்டுப் போனேன். 'ஏதோ ஒன்று' என்றுதான் சொன்னேன். அதன்பின் அந்தக் கேசட்டைப் போட்டால், ஐயர் மந்திரம் சொல்வார், மாமனார் கையில் தாலித் தட்டு வரும், கெட்டிமேளம் என்று விரல் உயரும், சட்டென்று வக்கார் யூனிஸ் ஓடி வருவார். ஜடேஜா தூக்கி அடிப்பார். நான் தாலி கட்டியதற்கு வீடியோ ஆதாரம் கிடையாது. பழியைப் பல வருஷம் மச்சான் சுமந்தான்.

எதிர்க்கட்சியிலும் ஆட்கள் இருந்தார்கள். அப்போலோவுக்கு முன்பு, 1966, 67 வருஷங்களில் லூனார் ஆர்பிட்டர் என்று ஐந்து கலங்களை அனுப்பி, இறங்க இடம் பார்த்து நிலாவைப் படம் எடுத்தார்கள். படம் டேப்பில் இருந்தது. அதை ஓட்டக்கூடிய மெஷின்கள் வழக்கொழிந்துபோயின. நான்சி எவன்ஸ் என்ற அம்மாள் அப்படிப்பட்ட மெஷின்களை, ஒவ்வொன்றும் ஃபிரிட்ஜ் அளவு, தன் வீட்டுக் கார் ஷெட்டில் வருஷக்கணக்காக வைத்துக் காப்பாற்றினார். பிறகு அவற்றை வாங்கிய குழு, கலிஃபோர்னியாவில் நாசா வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடையில் வைத்துப் பழுது பார்த்து, 2008இல் ஓட்டிக் காட்டியது. நிலா விளிம்புக்கு மேலே பூமி தெரியும் 1966ஆம் வருஷப் படம், எடுத்த அன்று யாரும் பார்த்திராத தெளிவோடு வெளியே வந்தது.

இதை மனைவியிடம் சொன்னது என் தவறு.

"பார்த்தீங்களா! எதையும் தூக்கிப் போடாதீங்கன்னு நான் சொன்னா, கயலான் கடையான்னு கேப்பீங்க. அந்தம்மா ஷெட்டுல வச்சிருந்துச்சு. நான் பரண்ல வச்சிருக்கேன். அவங்க ஆளுக மெஷினையே திறந்துட்டாங்க. நீங்க அந்தப் பெட்டியை எப்பத் திறக்கப்போறீங்க?"

பெட்டிக்கு மாங்காய்ப் பூட்டு போட்டிருந்தது. சாவியைத் தொலைத்தவன் நான். எங்கள் ஊர்த் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். என்னைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன், எங்கள் பூட்டு அசல் திண்டுக்கல் சரக்கு. பதினாறு வருஷமாகச் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், கொண்டை ஊசி, மாப்பிள்ளையின் இன்ஜினியரிங் பட்டம் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

நாகல் நகரிலிருந்து ஒரு பூட்டுக்காரப் பெரியவரைக் கூட்டிவந்தேன். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியதும் அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, பூட்டைத்தான் பார்த்தார். கையில் ஏந்தி, மேலே ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை வேட்டி முனையால் துடைத்தார். "பழைய கை வேலைங்க. உடைக்கச் சொன்னா நான் வர மாட்டேன். சாவி பண்ணித் தாறேன்."

திண்ணையில் உட்கார்ந்து, வெட்டுப்போடாத ஒரு சாவியை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினார். உள்ளே விட்டு மெதுவாகத் திருகி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கரி எங்கே உரசியிருக்கிறதோ அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி உள்ளே, மறுபடி இரண்டு இழுப்பு. காதைப் பூட்டோடு வைத்துக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப் இல்லாத டாக்டர் மாதிரி கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே 'க்ளுக்' என்றது. பூட்டு தானாக வாயைப் பிளந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் 2019இல் சந்திரயான்-2 இறங்கவேண்டிய ராத்திரி பெங்களூர் இஸ்ரோ கட்டுப்பாட்டு அறையில் பார்க்கக் காத்திருந்து ஏமாந்தேன். பிறகு 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 இறங்கிய சாயங்காலம் 6 மணி 4 நிமிஷத்துக்குப் பார்த்தேன்.

உள்ளே ஆல்பம் இருந்தது. பிளாஸ்டிக் தாளோடு படங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. கோக்கர்ஸ் வாக் படம் மட்டும், தலையில்லாமல், புத்தம் புதிதாக இருந்தது. அவள் அப்பா படம், அவருக்கு இருந்த ஒரே படம், தாளைப் பிரித்தபோது பாதி முகம் தாளோடு வர ஆரம்பித்தது. அப்படியே நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேசுகிற சுபாவம் உள்ள நானும்.

அடுத்த சில நாள் என் கவனத்தை மதுரைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, நிலாவில் இறங்கப்போன சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் கடைசி நிமிஷத்தில் பேச்சை நிறுத்திவிட்டது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நாசாவின் எல்ஆர்ஓ கலம் அந்தப் பகுதியைப் படமெடுத்து, அம்மாத இறுதியில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. சென்னையில் வேலை பார்த்துவந்த மதுரை என்ஜினியர் சண்முக சுப்பிரமணியன் அதைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கி, விழுவதற்கு முந்தைய படத்தையும் விழுந்த பிறகு எடுத்த படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து இரவிரவாகப் பார்த்தார். ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி புதிதாக இருந்தது. நாசாவுக்கு எழுதிப்போட்டார். அவர்கள் சரிபார்த்து, டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். படத்தில் அந்த இடத்துக்கு 'எஸ்' என்று குறியும் போட்டார்கள். அந்தப் படத்தில் ஒரு பிக்சல் என்பது நிலாவில் 1.3 மீட்டர். பூக்காரம்மா கணக்கில் மூணு முழம். மூணு முழத்துக்கு ஒரு புள்ளி என்று இருக்கிற படத்தில், ஒரு புள்ளியைப் பிடித்திருக்கிறார்!

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மதுரை. நிலக்கோட்டையில் நாங்கள் பறித்துக் கொடுக்கிற பூவுக்கு மதுரை மல்லி என்று பேர் வைத்துக்கொண்ட ஊர் அது. இதையும் அவர்களே எடுத்துக்கொண்டால் எப்படி? திண்டுக்கல் சார்பில் நானும் நிலாவின் தென்பகுதியை இறக்கித் தேட உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் காலை கண்டுபிடித்தேன். கரிய, உருண்டையான, சிறிய பொருள். நிழல் இல்லை. அதிசயம் என்னவென்றால், படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது பெரிதாகவில்லை. நகர்த்தினால் பள்ளங்கள் எல்லாம் நகர்ந்தன, அது நகரவில்லை. நாசாவுக்குக் கடிதம் எழுதத் தாளை எடுத்து, 'மதிப்பிற்குரிய ஐயா' வரை எழுதிவிட்டேன். பார்க்க வந்த மனைவி முந்தானையால் ஸ்கிரீனைத் துடைத்தாள். பொருள் அவள் விரலில் வந்தது.

கடுகு. காலை உப்புமா.

நம் நாட்டுப் படமும் பார்த்துவிடுவோம் என்று அப்புறம் இஸ்ரோ பக்கம் போனேன். பெங்களூருக்கு அருகே பயலாலுவில் இருக்கும் அவர்களுடைய தரவு மையம் சந்திரயான்-2 சுற்றுக்கலம் எடுத்தவற்றை 'பிரதான்' என்ற தளத்தில் வைத்திருக்கிறது. பெயரைப் பதிந்துகொண்டால் இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கலத்தில் உள்ள பெரிய கேமரா 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கால் மீட்டர் அகலத்தைப் பிரித்துக் காட்டும். அரை முழத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆசையாக இறக்கினால், விஞ்ஞானிகளுக்கான கோப்பு. எதைக்கொண்டு திறக்க என்று கம்ப்யூட்டர் என்னையே கேட்டது. நோட்பேட் என்றேன். நிலா முழுக்க ஆச்சரியக்குறியும் கேள்விக்குறியுமாக ஐம்பதாயிரம் வரி ஓடியது. பேரன் எட்டிப் பார்த்து, "தாத்தா, ஏலியன் லெட்டர் போட்டிருக்கு" என்றான். குறை தளத்தில் இல்லை. முறைப்படி திறப்பவர்கள் அழகாகத் திறக்கிறார்கள். அப்படித் திறந்தவர்களின் உபயத்தில்தான் என் பிரம்மாஸ்திரம் கிடைத்தது: அப்போலோ 11 விட்டுவந்த ஓடத்தின் அடிப்பாகத்தைச் சந்திரயான்-2 மேலேயிருந்து எடுத்த படம்.

இது ஏன் பிரம்மாஸ்திரம் என்றால், வாத்தியார் அமெரிக்காக்காரனைத்தான் நம்பமாட்டார். சந்திரயான்-3 இறங்கிய சாயங்காலம் டீக்கடையில் முதல் கைதட்டு அவருடையது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். லேண்டரைச் சோதித்துப் பார்க்க நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து நிலா மண் மாதிரி செய்த கதையை எனக்கே அவர்தான் சொன்னார். "நம்ம பக்கத்து மண்ணுய்யா! நிலாவும் நாமக்கல்லும் ஒண்ணு!"

பிளெக்ஸ் பையனிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். இந்தமுறை என்னைச் 'சார்' என்று கூப்பிட்டதில் ஓர் அழுத்தம் இருந்தது. "எழுநூறு எம்பியா! நம்ம மெஷினே திணறும் சார்." கூடவே மாமனார் படத்தையும், தாளைப் பிரிக்காமலேயே, ஆல்பம் பக்கத்தோடு நீட்டினேன். தாளின் மேலேயே வைத்து ஸ்கேன் செய்து, ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் வேலை செய்தான். கண்ணுக்குக் கீழே, மீசையில், ஒவ்வொரு புள்ளியாக. ஆல்ட்ரினுக்குக் கேட்ட கேள்வியை அவன் இதற்குக் கேட்கவில்லை. "கொஞ்சம் மங்கலாத்தான் வரும். பரவால்ல சார், ஒரிஜினல் இருக்குல்ல."

ஞாயிற்றுக்கிழமை மாடிச் சுவரில் நிலா ஏறியது. ஆறுக்கு ஆறு. வாத்தியார் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். நான் தயாராக இருந்தேன்: கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி இருக்கிறது, அது முழுசாக நீளாததால்தான் துணி சுருக்கம் விழுந்து பறப்பதுபோல் இருக்கிறது, வெயிலில் மின்னும் தரைக்கும் வெள்ளை உடைக்கும் ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரம் பதியாது. எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மூக்கு படத்தில் படுகிற தூரத்தில் நின்று, தரையில் விழுந்த நிழலை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"நிழல் சரியா விழுந்திருக்கு" என்றார். முப்பது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இது கிடைத்திருக்கும் என்று தெரியாது. பிறகு சட்டென்று திரும்பி, "அங்க ரெண்டு பேர்தான இறங்குனாங்க? இவன் நிக்கிறான். அப்பப் படம் எடுத்தது யாரு, நானா?"

முகக்கண்ணாடியைக் காட்டினேன். நெற்றிக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். சந்திரயான் எடுத்த படத்தையும் போனில் காட்டினேன். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. டீக்கடைக்குப் போனோம். ஒரு வடை வாங்கிக் கொடுத்தார். "ஒரு வாரம்னு பேச்சு" என்றேன். "கண்ணாடிக்குள்ள ஒருத்தன்தான தெரியுறான்? அதுக்கு ஒண்ணு."

வைகாசிக் காற்றில் நிலா மூன்றே நாளில் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. மாமனார் ஹாலில் சந்தனப் பொட்டோடு மாட்டப்பட்டுவிட்டார். மீசை மட்டும் பையனின் பழக்கதோஷத்தில் கொஞ்சம் பெரிது. நிலாவை என்ன செய்வது என்று நான் கேட்கவே இல்லை. ஒரு நாள் மாடிக்குப் போனால், அவள் அதைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கூழ்வடகம் ஊற்றியிருந்தாள். நிலாவின் அமைதிக் கடலில் வரிசை வரிசையாக வெள்ளை வட்டங்கள். ஆல்ட்ரின் நெஞ்சில் இரண்டு. காவலுக்கு என்னைக் குடையோடு உட்காரவைத்துவிட்டுக் கீழே போனாள்.

கொஞ்சம் கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. விழித்தபோது ஒரு காகம் தத்தித் தத்தி இறங்கியது, மிக மென்மையாக, பூட்ஸ் தடத்துக்குப் பக்கத்தில். இடது வலது பார்த்தது. ஒரு வடகத்தைக் கொத்தி எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கமாகப் பறந்தது. அப்போலோ 11 திரும்பும்போது 21.5 கிலோ மண்ணும் கல்லும் எடுத்துப் போயிற்று. காகம் எவ்வளவு எடுத்தது என்று கீழே இருந்து குரல் வந்தது. ஒன்றுதான் என்றேன். அவள் மேலே வந்து எண்ணினாள். பதினேழு குறைந்தது.